அமெரிக்கச் சாப்பாடு: எங்கிருந்து தொடங்குவது?

பெட்டியில் கொண்டு வந்த பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் ஒரு மாதம் ஓடும். அது தீர்ந்தால் இந்தியக் கடை இருக்கிறது. நியூஜெர்சி, டெக்சாஸ், கலிஃபோர்னியா பக்கம் என்றால் நல்ல தோசைக்கும் பஞ்சமில்லை. அமெரிக்கச் சாப்பாட்டைத் தொடாமலேயே இங்கே பத்து வருஷம் ஓட்டிவிடலாம், ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து மதியம் வெளியே போவார்கள், பிள்ளையின் பள்ளித் தோழன் வீட்டில் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவார்கள், நவம்பரில் பக்கத்து வீட்டுக்காரர் வான்கோழி விருந்துக்கு அழைப்பார். அங்கே போய் ஓரமாக உட்கார்ந்து சிப்ஸ் கொறித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரசம் சோறு சாப்பிடுவது எத்தனை நாளைக்கு?

மாணவர்கள், வேலைக்கு வந்தவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாக்கள் எல்லோருக்கும் பொருந்தும்படி ஒரு வரிசை சொல்கிறேன். நான் இருப்பது மேரிலாந்து. அதனால் நண்டு விஷயத்தில் கொஞ்சம் ஓரவஞ்சனை தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ‘மாட்டேன்’ பட்டியல்

புதுச் சாப்பாடு பழக முதல் வேலை, எதைச் சாப்பிட மாட்டோம் என்று முடிவு செய்வது. இதில் தெளிவில்லாதவர்கள்தான் எதைப் பார்த்தாலும் சந்தேகப்பட்டு, கடைசியில் ஒன்றையும் தொடாமல் எழுந்து வருகிறார்கள். மாடு வேண்டாமா? பன்றியா? முட்டை பரவாயில்லையா? சூப்பில் கோழித் தண்ணீர் சேர்ந்திருந்தால் போகட்டுமா? ஹலால் மட்டும்தானா? வீட்டில் உட்கார்ந்தே தீர்மானித்துவிடுங்கள். மேஜையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யோசிக்க முடியாது.

இந்தியாவில் பாக்கெட்டின் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்கிப் பழகிவிட்டோம். இங்கே அப்படி ஒரு சட்டபூர்வக் குறி கிடையாது. பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள் ஆகிய ஒன்பது ஒவ்வாமைப் பொருள்களைத்தான் பாக்கெட்டில் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எள் இந்தப் பட்டியலில் கட்டாயமானது 2023 ஜனவரியில்தான். மாடும் பன்றியும் இதில் இல்லை. ஆகவே பொருள் பட்டியலை முழுக்கப் படிக்க வேண்டும்.

எங்கெங்கே ஒளிந்திருக்கும்? மெக்சிகன் பீன்ஸ் மசியலிலும் சில டார்ட்டியா ரொட்டிகளிலும் பன்றிக்கொழுப்பு. அதற்கு ‘லார்ட்’ என்று பெயர். தென் மாநிலங்களில் கீரையைப் பெரும்பாலும் பன்றிக்கறித் துண்டு போட்டுத்தான் வேகவைப்பார்கள். டப்பாவில் வரும் பேக்ட் பீன்ஸிலும் அப்படியே. மார்ஷ்மெல்லோ என்கிற பஞ்சு மாதிரி மிட்டாய், ஜெல்லோ, சில தயிர் வகைகள் இவற்றில் ஜெலட்டின், அதாவது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் கூழ். சீசர் சாலட்டின் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி மாதிரி ஒரு மீன். கிளாம் சௌடர் என்கிற சிப்பி சூப்பில் பேக்கன் என்கிற உப்பிட்ட பன்றிக்கறி. பெப்பரோனி பீட்சாவின் மேல் இருக்கும் சிவப்பு வட்டங்கள் பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்தவை.

ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் உருளைக்கிழங்குதானே என்று நினைப்போம். மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் விற்கும் ஃபிரைஸில் ‘இயற்கையான மாட்டிறைச்சிச் சுவை’ சேர்கிறது என்பது வெளியே தெரிந்து, 2001ல் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 2002ல் ஒரு கோடி டாலர் தருவதாகச் சமரசம் ஆனது. அந்தப் பொருளோ இன்னும் இங்கே பட்டியலில் இருக்கிறது, கோதுமையும் பாலும் சேர்ந்த வடிவில்.

சைவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. பாக்கெட்டில் வட்டத்துக்குள் ‘யூ’ எழுத்து இருந்தால் அது யூதர்களின் கோஷர் முத்திரை, அவர்கள் உணவு விதிப்படி செய்தது என்று அர்த்தம். கோஷரில் பாலையும் இறைச்சியையும் சேர்க்கவே கூடாது. எனவே அதன் பக்கத்தில் ‘டி’ (பால் சேர்ந்தது) என்றோ ‘பரேவ்’ (பாலும் இறைச்சியும் இல்லாதது) என்றோ இருந்தால் ஆடு, மாடு, கோழி அதில் இல்லை என்று கொள்ளலாம். மீனும் முட்டையும் இருக்கலாம், அதைப் படித்துப் பாருங்கள். ஜெலட்டின் என்று எழுதியிருந்தால் மட்டும் இந்த முத்திரையை நம்பிச் சைவம் என்று எடுக்க வேண்டாம்.

கடையில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ‘இது வெஜிடேரியனா?’ என்று கேட்டால், கண்ணுக்குக் கறித்துண்டு தெரியவில்லை என்ற தைரியத்தில் ‘யெஸ்’ சொல்லிவிடுவார்கள். ‘இதில் சிக்கன் பிராத், பேக்கன், லார்ட் ஏதாவது இருக்கிறதா?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உள்ளே போய் விசாரித்து வந்து சொல்வார்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்டுக் கேட்டு இந்த ஊர் சர்வர்களுக்கு இது பழகிப்போன கேள்வி.

2. காசு கொடுக்காமல் ருசி பாருங்கள்

ஐஸ்கிரீம் கடையில் சின்னக் கரண்டியில் கேட்டுச் சாப்பிட்டுப் பார்த்த பிறகு வாங்கலாம். இரண்டு மூன்று சுவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். சனி, ஞாயிறுகளில் பெரிய மொத்தக் கடைகளில் ஆங்காங்கே மேஜை போட்டுச் சாம்பிள் கொடுப்பார்கள். உழவர் சந்தையில் பீச், ஆப்பிள், சீஸ் எல்லாம் துண்டு போட்டு வைத்திருப்பார்கள். புதுச் சீஸை முதன்முதலில் அரை கிலோ கட்டியாக வாங்காமல் இங்கே தொடங்குவதே புத்திசாலித்தனம்.

3. முதல் வெளிச் சாப்பாடு: பவுல் கடை

நேராக பர்கருக்கோ ஸ்டேக்குக்கோ போகாதீர்கள். அமெரிக்காவில் ஊறிப்போன மெக்சிகன் சாப்பாட்டில் தொடங்குங்கள். சோறு, பயறு, தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, பச்சை மிளகாய்: நம் நாக்குக்கு இதில் எதுவும் அந்நியமில்லை. மிளகாயும் தக்காளியும் நமக்கு வந்ததே அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான்.

சிபோட்லே மாதிரிக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் வரிசையாக இருக்கும்; கை காட்டிச் சொல்லிக்கொண்டே நகரலாம், மெனு புரியாத சங்கடம் இல்லை. முதலில் ‘பவுல்’ என்று சொல்லுங்கள், எல்லாம் ஒரே கிண்ணத்தில் வரும். அப்புறம் சோறு, வெள்ளையா பழுப்பா. அப்புறம் பீன்ஸ், கறுப்பா பிண்டோவா. பிறகு இறைச்சி, அல்லது வதக்கிய குடைமிளகாயும் வெங்காயமும். கடைசியில் சல்சா என்கிற தக்காளிச் சட்னி: மைல்ட், மீடியம், ஹாட். இங்கே ‘ஹாட்’ என்பது நமக்குச் சாதாரண உறைப்பு, பயம் வேண்டாம். குவாக்கமோலி என்கிற வெண்ணெய்ப்பழ மசியல் போடவா என்று கேட்டால், பெரும்பாலும் அதற்குத் தனிக்காசு. தலையாட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பவுல் இருவருக்குக் காணும். சோறு கொஞ்சம் விறைப்பாக, எலுமிச்சை வாசத்தோடு இருக்கும். குழைந்த சோற்றை இங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நியூயார்க்கில் இருந்தால் தெருவோர ஹலால் வண்டிகளில் ‘சிக்கன் ஓவர் ரைஸ்’ வாங்குங்கள். மஞ்சள் சோறு, கொத்திய கோழி, வெள்ளை சாஸ். சிவப்பு சாஸை மட்டும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு மேலே ஊற்றுங்கள். அது நிஜமாகவே உறைக்கும்.

4. டைனரில் காலைச் சாப்பாடு

அமெரிக்கச் சாப்பாட்டில் எனக்குப் பிடித்த வேளை காலைதான். டைனர் என்கிற பழைய பாணி உணவகத்தில் உட்கார்ந்தால் காபி கோப்பை காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அதற்குத் தனிக்காசு இல்லை. நம் டிகிரி காபியை மனசில் வைத்துக்கொண்டு குடிக்காதீர்கள். இது நீர்த்த கடுங்காப்பி, நிதானமாக இரண்டு மூன்று கோப்பை குடிப்பதற்கானது.

முட்டை எப்படி வேண்டும் என்று கட்டாயம் கேட்பார்கள். ‘சன்னி சைட் அப்’ என்றால் நம் ஆஃபாயில். ‘ஓவர் ஈஸி’ என்றால் திருப்பிப் போட்டு, மஞ்சள் கரு ஓடுகிற மாதிரி. ‘ஓவர் ஹார்ட்’ என்றால் ஃபுல் பாயில். கூட வருகிற ஹாஷ் பிரவுன் துருவிய உருளைக்கிழங்கின் மொறுமொறு அடை. சைவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அதே தோசைக்கல்லில்தான் பேக்கனும் பொரிந்திருக்கும்.

பிஸ்கட் என்று மெனுவில் இருப்பது டீக்கு நனைக்கிற பிஸ்கட் இல்லை. மேலே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சு மாதிரியும் இருக்கிற வெண்ணெய் பன். வெண்ணெயும் தேனும் தடவிச் சாப்பிட்டால் அருமை. ‘பிஸ்கட்ஸ் அண்ட் கிரேவி’ என்றால் அதன் மேல் வெள்ளையாக ஊற்றியிருப்பது பன்றி சாசேஜ் குழம்பு.

தெற்கே போனால் கிரிட்ஸ் கேளுங்கள். வெள்ளை மக்காச்சோளத்தை ரவையாக உடைத்துக் கிளறிய கஞ்சி. ஜார்ஜியா மாநிலம் 2002ல் இதைத் தன் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்திருக்கிறது. வெறுமனே சாப்பிட்டால் சப்பென்றிருக்கும். முதலில் உப்பு, மிளகுத்தூள், ஒரு துண்டு வெண்ணெய் போட்டுக் கிளறிச் சாப்பிடுங்கள். அடுத்த முறை சீஸ் சேர்த்தது. இறால் சாப்பிடுபவர்கள் அதற்கடுத்து ‘ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ்’. சர்க்கரை போடலாமா கூடாதா என்பது தெற்கத்திக்காரர்களுக்குள் தீராத சண்டை, நீங்கள் நடுவில் போகாதீர்கள்.

5. நண்டு

மீன், நண்டு சாப்பிடுபவர்கள் கிழக்குக் கரைக்கு வந்தால், எங்கள் மேரிலாந்தின் செசபீக் விரிகுடா நீல நண்டைத் தின்னாமல் போகக் கூடாது. நம் ஊர் நண்டு மிளகு வறுவலில் தேறியவர்களுக்கு இங்கே இன்னொரு பாடம் இருக்கிறது.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சீசன். கோடைக் கடைசியில்தான் சதை நிரம்பி வரும். நண்டுக் கடையில் மேஜை மேல் பழுப்புக் காகிதத்தை விரித்து, ஆளுக்கு ஒரு மரச்சுத்தியலும் சின்னக் கத்தியும் வைப்பார்கள். தட்டு கிடையாது. டஜன் கணக்கில் விலை; மெனுவில் ‘மார்க்கெட் பிரைஸ்’ என்றுதான் இருக்கும், அன்றைய விலை என்னவென்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இருவருக்கு முதல் முறை அரை டஜன் போதும், கூட வேகவைத்த மக்காச்சோளம்.

வேகவைத்த நண்டு ஓட்டின் மேல் செம்பழுப்பு மசாலா அப்பிக் கிடக்கும். அந்த மசாலாவுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. குஸ்டாவ் ப்ருன் என்ற யூத மசாலா வியாபாரி நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி பால்டிமோருக்கு வந்தார். 1939ல் இங்கே தொழில் தொடங்கினார். செலரி, மிளகு, சிவப்பு மிளகாய் எல்லாம் சேர்த்து அவர் அரைத்துக் கொடுத்ததுதான் ஓல்ட் பே. இன்றைக்கு மேரிலாந்துக்காரர்கள் சிப்ஸிலிருந்து சோளம் வரை அதைத் தூவுகிறார்கள். வெளியூரிலிருந்து அகதியாக வந்தவர் கலந்த பொடி, மாநிலத்தின் சொந்த ருசியாகிவிட்டது.

இப்போது உடைப்போம். நண்டைக் கவிழ்த்து, வயிற்றில் இருக்கும் மடலைக் கத்திமுனையால் நெம்பி எடுங்கள். அந்த இடைவெளியில் கட்டைவிரலை விட்டு மேல் ஓட்டைக் கழற்றுங்கள். இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் விரல் விரலாக இருப்பது செவுள். அதை வழித்து எறியுங்கள். நடுவில் மஞ்சளாக இருப்பதைச் சிலர் ருசித்துத் தின்பார்கள், வேண்டாதவர்கள் வழித்துவிடலாம். உடலை இரண்டாக ஒடித்தால், பின்கால் வேரோடு ஒரு பெரிய சதைத்துண்டு முழுசாக வரும். கொடுக்கின் மேல் கத்தியை வைத்துச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. ஓங்கி அடித்தால் சதையில் ஓட்டுத்தூள் கலந்துவிடும்.

மசாலா உள்ளே இறங்கியே இருக்காது. ஓட்டைத் தொட்ட விரலிலிருந்துதான் அது சதைக்கு வரும். சதை இனிப்பாக, விரல் உறைப்பாக, இரண்டும் வாயில் சேருகிற அந்த இடத்துக்காகத்தான் இத்தனை பாடு. அதனால் முள்கரண்டி கேட்காதீர்கள். கையால் சாப்பிட்டே வளர்ந்த நமக்கு இங்கே ஆரம்பத்திலேயே ஒரு படி ஏற்றம். விரலில் கீறல் இருந்தால் எரியும், கண்ணைத் தொடாதீர்கள்.

கிழக்குக் கரையில் இல்லாமல் தெற்கே லூசியானா பக்கம் இருப்பவர்களுக்கு வசந்த காலத்தில் கிராஃபிஷ், இறால் மாதிரி ஒரு நன்னீர்ப் பிராணி. தலையைத் திருகி, வாலைப் பிய்த்து, தலைச்சாற்றை உறிஞ்ச வேண்டும். அங்கேயே வெண்டைக்காய் போட்ட கம்போ குழம்பும் சோறும் கிடைக்கும். ஆனால் பல கம்போக்களில் சாசேஜ் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

6. ரூட் பியர்

பெயரில்தான் பியர், இது சோடா மாதிரி ஒரு இனிப்புப் பானம். இதில் மது இல்லை, குழந்தைகளும் குடிப்பார்கள். முதல் வாயில் வலித்தைலத்தைக் குடித்த மாதிரி இருக்கும். காரணம் இருக்கிறது: இதில் சேரும் விண்டர்கிரீன் மணத்தைத் தரும் அதே மெத்தில் சாலிசிலேட்தான் தைலங்களிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் சசாஃப்ராஸ் என்ற மரத்தின் வேரில் செய்தார்கள். அதில் உள்ள சாஃப்ரோல் என்ற பொருளை 1960ல் அரசு தடை செய்த பிறகு சுவையை வேறு வழிகளில் உண்டாக்குகிறார்கள். நன்னாரி சர்பத் பிடித்தவர்களுக்கு இரண்டாவது கிளாஸில் பிடித்துப்போக வாய்ப்பு அதிகம். வனிலா ஐஸ்கிரீம் ஒரு உருண்டை மிதக்கவிட்டுத் தொடங்கினால் தைல வாசம் அடங்கும்.

7. தேங்க்ஸ்கிவிங் அழைப்பு வந்தால்

தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றித் திருநாள் நவம்பர் நான்காவது வியாழன். அழைத்தால் கட்டாயம் போங்கள். ஆனால் ‘மாட்டேன்’ பட்டியலை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். விருந்தன்று சொன்னால் சமைக்கிறவர் பதறிப்போவார்.

வான்கோழி தனியாகச் சாப்பிட்டால் வறட்டுத்தனமாக இருக்கும். கிரேவியும் கிரான்பெர்ரியும் சேர்த்து ஒரு வாய் எடுக்க வேண்டும். சைவர்களுக்கு மசித்த உருளைக்கிழங்கு கை கொடுக்கும், கிரேவி ஊற்றாமல் வாங்கினால். அதோடு புளிப்பான கிரான்பெர்ரியைத் தொட்டுக்கொள்ளுங்கள், பன் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டஃபிங் என்கிற ரொட்டிக் கலவையில் பெரும்பாலும் கோழி அல்லது வான்கோழித் தண்ணீர் இருக்கும். பீன்ஸ் கேசரோல் 1955ல் கேம்பெல் சூப் கம்பெனிச் சமையலறையில் பிறந்தது: டப்பா காளான் சூப், பீன்ஸ், மேலே பொரித்த வெங்காயம். எனக்கு அந்த வெங்காயம் மட்டும் போதும். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோவை உருக்கி, அதை இனிப்பு என்று சொல்லாமல் சாப்பாட்டோடு பரிமாறுவார்கள். இதற்கு நான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. ‘பம்ப்கின் பை’ என்கிற பூசணி இனிப்பை மட்டும் விடாதீர்கள். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு எல்லாம் நமக்குத் தெரிந்த வாசனைதான், முட்டை உண்டு.

நீங்களும் ஏதாவது கொண்டுபோக நினைப்பீர்கள். எலுமிச்சைச் சாதம் நல்ல தேர்வு, நிலக்கடலை போடாமல். கடலை ஒவ்வாமை இங்கே உயிர் போகிற விஷயம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதும் நம்மில் பலர் கவனிக்காதது. கோதுமை ஆகாதவர்கள் இருப்பார்கள். என்னென்ன போட்டிருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்தின் பக்கத்தில் வையுங்கள்.

8. மளிகைக் கடையில்

தயிருக்கு ‘பிளெயின்’, ‘ஹோல் மில்க்’ இரண்டு சொல்லும் டப்பாவில் இருக்க வேண்டும். வனிலா தயிரும் பார்க்க அதே வெள்ளைதான்; அதில் தயிர் சாதம் பிசைந்தால் பாயசம் ஆகிவிடும். லேபிளில் ‘ஆடட் சுகர்ஸ்’ வரியில் பூஜ்யம் இருக்கிறதா பாருங்கள். ‘பட்டர்மில்க்’ கெட்டியாக, நல்ல புளிப்பாக இருக்கும். தண்ணீர் விட்டு, உப்பும் கறிவேப்பிலையும் போட்டால் மோருக்கு ஏறக்குறைய ஈடு. கடலை வெண்ணெயில் கடலையும் உப்பும் மட்டும் உள்ளதை வாங்குங்கள். எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும், கிளறிக்கொள்ள வேண்டும்.

9. மேஜையில்

முதல் இரண்டு வாய் அவர்கள் செய்தபடியே சாப்பிடுங்கள். அப்புறம் தாராளமாக ஹாட் சாஸ் கேட்கலாம், அதில் யாரும் குறை நினைக்க மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் ‘நாட் ஃபார் மீ’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளச் சொல்லி நம் வீட்டில் போல வற்புறுத்த மாட்டார்கள். அதனால் பசித்தால் நீங்களாகவேதான் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மெனுவில் இருக்கும் விலையில் வரி சேராது. உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ். அநியாயமாகத் தோன்றும்தான், ஆனால் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசுச் சட்டப்படி முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991லிருந்து அது மாறவே இல்லை. பல மாநிலங்கள் கூடுதலாக வைத்திருந்தாலும் டிப்ஸ்தான் அவர்கள் சம்பளம். கவுண்டரில் வாங்கிப்போகும் இடத்தில் திரை டிப்ஸ் கேட்டாலும் அது உங்கள் விருப்பம்.

தட்டில் வருவது இரண்டு பேர் சாப்பாடு. மிச்சத்துக்கு ‘பாக்ஸ்’ கேளுங்கள், எல்லோரும் கேட்பார்கள். காரிலேயே மறந்துவிடாமல் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், கோடை வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மூன்று நான்கு நாளைக்குள் சூடு பண்ணிச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.